எங்கள் சங்கத்தின் ஆஸ்தான அடிபட்டவர்

ஏவிஸ் ராக் பள்ளிக்கூடச் சமையல்காரி. வாரநாட்களில் இங்கிலாந்தின் டார்பிஷர் மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கை முறிந்து, விலா உடைந்து, மனசு வைத்தால் நினைவும் தப்பி, பூமிக்கு அடியில் கிடப்பார். எங்கள் குகை, சுரங்கச் சங்கத்தின் மீட்புக் குழு ஒத்திகை பார்க்க ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பு ஏவிஸுடையது.

இது அவர் தேடிப் போன பதவி அல்ல. கல்யாணமான புதிதில், கணவர் கிளிஃபர்ட் மறந்து வைத்துவிட்டுப் போன சாண்ட்விச்சைக் கொடுக்கச் சுரங்க வாசலுக்கு வந்தார். அன்றைக்கு அடிபட்டவராக நடிக்க வேண்டிய ஆளுக்கு நிஜமாகவே ஜலதோஷம். "கொஞ்ச நேரம் படுத்திருந்தா போதும்" என்று கிளிஃபர்ட் கெஞ்சினார். அந்த வாரம் முழுக்க நின்றே வேலை செய்திருந்த ஏவிஸுக்குப் படுப்பது என்ற சொல்லே இனித்தது. போய்ப் படுத்தார். அன்று அவர் போட்ட கூச்சலில் மேலே மேய்ந்த ஆடுகள் கலைந்து ஓடியதாக நெவ் சொல்வார். நெவ் எங்கள் கசாப்புக் கடைக்காரர். ஆடுகளைப் பற்றி அவர் சொன்னால் நம்பலாம்.

அதன் பிறகு வேறு யாரையும் படுக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏவிஸ் சும்மா படுத்திருக்க மாட்டார். தூக்குமுன் சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். முகத்தில் விளக்கடிக்கக் கூடாது. அவர் தலைக்கு மேலே கால்பந்து பேசக் கூடாது. எங்கள் பள்ளத்தாக்கில் போலீஸ்காரரும் 'கண்ணு', பாதிரியாரும் 'கண்ணு'தான். ஆனால் ஸ்ட்ரெச்சரின் உள்ளிருந்து "இடது பக்கம் இறங்குது, கண்ணு" என்று ஏவிஸ் சொன்னால், இடது பக்கத்துக்காரனின் காது சிவந்துவிடும்.

சுரங்கத்தைப் பற்றி அவர் பெரிதாக எதுவும் படித்ததில்லை. எங்கள் ஊரைச் சுற்றி மலை முழுக்க ஈயம் தோண்டிய பொந்துகள். வெடிமருந்து வருவதற்கு முந்தைய பாதைகளில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மேல் ஒரு பிக்காசு வெட்டுகூட வீணாக்கியிருக்க மாட்டார்கள். காலடியில் குறுகி, தோள் உயரத்தில் அகன்று, தலைக்கு மேல் மறுபடி குறுகும். நிமிர்த்தி வைத்த சவப்பெட்டிக்குள் நடப்பதுபோல் இருக்கும். மற்றவர்களெல்லாம் குனிந்து தரையைப் பார்த்தபடி போய்வருவோம். மல்லாந்தபடி போய்வந்தவர் ஏவிஸ் ஒருவர்தான். அதனால், 'சிடுமூஞ்சி பெஸ்' என்ற சுரங்கத்தின் கூரையில் யாரோ மெழுகுவத்திப் புகையால் எழுதியிருந்த பெயர் அவர் கண்ணில்தான் பட்டது. "நிறுத்துங்க, இங்க ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றார். ஸ்ட்ரெச்சரைப் பாறைமேல் இறக்கிவிட்டு, குழு முழுக்க வாயைப் பிளந்து மேலே பார்த்தது. பழைய சுரங்கங்களின் வரலாற்றைத் தேடும் சங்கத்தின் மரபுப் பிரிவுக்காரர்கள் அந்த எழுத்துக்குக் கீழேதான் வருடக்கணக்காக நின்று தேநீர் குடித்திருந்தார்கள். சுரங்கத்துக்குப் பெஸ் என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்தவனும் அவனாக இருக்கலாம் என்று இப்போது ஒரு சர்ச்சை ஓடுகிறது. "எவனா இருந்தாலும் பொண்டாட்டிகிட்ட நேர்ல சொல்லத் தைரியமில்லாதவன்" என்பது ஏவிஸின் ஆய்வு முடிவு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஷெஃபீல்டிலிருந்து குடிவந்த ஜூலியன் ஃப்ரித் எங்கள் குழுத் தலைவரானார். நல்ல மனிதர், ஒழுங்கானவர். கயிறுகளுக்கெல்லாம் பிறந்த தேதி எழுதி வைத்திருப்பார். அவர் ஒரு நாள் சங்கக் கூடத்துக்கு ஒரு பொம்மையைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம். மணல் அடைத்து, வளர்ந்த ஆளின் எடை. நெவ் அதற்கு உடனே கென்னத் என்று பெயர் வைத்தார். ஊரில் ஏற்கெனவே ஒரு கென்னத் இருக்கிறார். பெயர்ப் பொருத்தத்தை அவர் மனைவியே ஒப்புக்கொண்டார்.

"ஏவிஸ், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார் ஜூலியன். "அறுபதைத் தாண்டியாச்சு. போன வருஷம் இடுப்பு ஆபரேஷன் வேற. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அந்த மூட்டைக்கு வலிக்குமா, கண்ணு?"

"வலிக்காது. அதுதானே வசதி."

"அப்ப, வலிக்கிற ஆளைத் தூக்க எதை வச்சுக் கத்துக்குவீங்க?"

"ஏவிஸைத் தூக்கித் தூக்கி எனக்குத்தான் முதுகு வலிக்குது" என்றார் நெவ்.

"உன் முதுகு சாசேஜ் தின்னு வளைஞ்சது. என்மேல போடாத."

எல்லாரும் சிரித்தோம். ஏவிஸ் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றாக இருந்தோம். கிளிஃபர்ட் கயிற்றுக்காரர், நெவ் பலசாலி, நான் முதலுதவிப் பெட்டிக்காரி. படுப்பதை எடுத்துவிட்டால் ஏவிஸ் கிளிஃபர்டின் மனைவி, அவ்வளவுதான். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வசந்தகால ஒத்திகையில் ஏவிஸே படுப்பார். அவர் மேல் ஒரு கீறலும் விழாமல் வெளியே வந்தால் பதவி தொடரும். ஏதாவது ஆனால் கென்னத்துக்கு.

ஒத்திகையில் நானும் ஏவிஸும் முன்னாலேயே உள்ளே போய்விடுவோம். குழு வந்து 'கண்டுபிடிக்கும்' வரை அவருக்குத் துணை இருப்பது என் வேலை. என் கையில் ஜூலியன் கொடுத்த அட்டை: இடது கை முறிவு, குளிரால் நடுக்கம்.

சிடுமூஞ்சி பெஸ்ஸின் உள்ளே, பாதை கொஞ்சம் அகலும் இடத்தில் ஒரு பாறை விளிம்பு உண்டு. ஈயம் தோண்டிச் செத்துப்போன அந்தக் காலத்து ஆட்கள் அத்தனை பேரையும் சேர்த்து நாங்கள் ஒரே ஆளாகப் 'பெரியவர்' என்போம். தின்னக் கொண்டுபோனதில் ஒரு விள்ளல் அவருக்கு வைப்பது வழக்கம். ஏவிஸ் தன் கையால் செய்த இஞ்சி கேக்கின் ஓரத்தைக் கிள்ளி, எட்டி அந்த விளிம்பில் வைத்தார்.

"எடுத்துக்கோங்க பெரியவரே. இன்னைக்குக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே ஈரக் களிமண் வழுக்கியது. உட்கார்ந்தபடி விழுந்தார். வலது கணுக்காலில் காய்ந்த சுள்ளி ஒடியும் சத்தம். அந்தச் சத்தத்தில் நடிப்பு எதுவும் இல்லை.

"அசையாதீங்க! நான் போன்ல கூப்பிடறேன்" என்றேன். உள்ளேயும் வாசலிலும் கம்பி இழுத்த போன் இருந்தது.

"யாரை?"

"மீட்புக் குழுவை."

"அவங்க எங்க?"

யோசித்தேன். "வந்துக்கிட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"உங்களைத் தூக்க."

"அப்புறம் என்ன? உக்காரு."

"நிஜமா உடைஞ்சிருக்கு ஏவிஸ்!"

"நிஜமாத்தான் தூக்கப் போறாங்க." அவர் முகம் மாவுபோல வெளுத்திருந்தது. "இங்க பாரு கண்ணு. வெளிய போனதும் கார்ல ஏறி வீட்டுக்குப் போயிடறேன். தோட்டத்துல விழுந்தேன்னு நாளைக்குச் சொல்லிக்கறேன். அந்த மணல் மூட்டைகிட்ட நான் தோக்க மாட்டேன்."

செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. விரல்கள் அசைகின்றனவா, சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். கம்பளி போர்த்தினேன். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அந்த நொடியே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு மீதி இஞ்சி கேக்கை என்னிடம் தள்ளினார். எத்தனையோ ஒத்திகை பார்த்திருக்கிறேன், அவர் சாப்பாட்டைத் தள்ளி அன்றுதான் பார்த்தேன்.

குழு வந்தது. ஜூலியன் முன்னால், நெவ்வும் மற்றவர்களும் பின்னால், கடைசியில் ஸ்ட்ரெச்சரோடு கிளிஃபர்ட். நெவ் இடது கையைத் தொட்டார்.

"கையை விடு, கணுக்காலைப் பாரு" என்றார் ஏவிஸ்.

ஜூலியன் தன் அட்டையைப் பார்த்தார். "இதுல கணுக்கால் இல்லையே."

"விழறவன் அட்டையைப் பாத்துட்டா விழுவான்?"

"சரி... திடீர் மாற்றம். நல்ல சோதனைதான்" என்று ஜூலியன் ஒப்புக்கொண்டார். நெவ் பூட்ஸைத் தொட்டார். ஏவிஸ் போட்ட அலறலில் என் ஹெல்மெட்டே அதிர்ந்தது.

"அபாரம்!" என்றார் நெவ். "இந்த மாதிரி இதுவரைக்கும் கத்துனதே இல்ல."

"பயிற்சிதான்" என்றார் ஏவிஸ், பல்லுக்கு நடுவில். "கட்டுப் போடு. பூட்ஸைக் கழட்டாத. பஞ்சு நிறைய வை. இன்னும். இன்னும்டா!"

நான் பக்கத்தில் மண்டியிட்டு, நெவ்வின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து மறுபடி போட வைத்தேன். ஒத்திகைக்கு இவ்வளவு எதற்கு என்று நெவ் முணுமுணுத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, வார்களை இறுக்கி, சவப்பெட்டிப் பாதைக்குள் நுழைந்தோம். தோள் அகலத்தில் ஸ்ட்ரெச்சர் இருபுறமும் உரசிக்கொண்டு போகும். தலைமாட்டில் கிளிஃபர்ட்.

பாதி தூரம்வரை இடது பக்கம் இறங்கியே போனது. ஸ்ட்ரெச்சரின் உள்ளிருந்து ஒரு 'கண்ணு'கூட வரவில்லை. கிளிஃபர்ட் குனிந்தார். மனைவியின் கை அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது. வீட்டில் டிவி ரிமோட்டைப் பிடுங்குவதற்குத் தவிர ஏவிஸ் அவர் கைப்பக்கம் போனதில்லை.

"ஏவிஸ்?"

"தூக்கு."

கிளிஃபர்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இடது பக்கம் ஏத்திப் பிடிங்கடா!" என்று திடீரென்று கத்தினார் அந்தச் சாது. "நிஜமா அடிபட்ட ஆளு மாதிரி தூக்குங்க!"

"எப்பவும் அப்படித்தானே தூக்கறோம்?" என்றார் ஜூலியன், மனம் புண்பட்டு.

வெளிச்சத்துக்கு வந்ததும் ஏவிஸ் எழுந்து, குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, எங்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு பரிமாறுவது வழக்கம். எல்லாரும் கைதட்டத் தயாராக நின்றோம். அவர் எழவில்லை. எழ முயன்றார் என்பது எனக்குத் தெரியும். ஒரு முழங்கை ஊன்றி எழும்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார்.

"ஜூலியன் கண்ணு, நிஜத்துல இந்த இடத்துலயா விட்டுட்டுப் போவீங்க?"

"இல்ல, வண்டிவரைக்கும்..."

"அப்ப வண்டிவரைக்கும் தூக்குங்க."

ஜூலியனின் முகம் மலர்ந்தது. வயலையும் கற்சுவரையும் தாண்டிக் கடைசிவரை தூக்கிப் பழக வேண்டும் என்று அவர் வெகு நாளாகச் சொல்லிவந்தார், ஒருவரும் காதில் வாங்கியதில்லை. தூக்கினோம். சுவரில் ஏற்றி இறக்கியபோது ஏவிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தினோம்.

"பிரமாதம்!" என்றார் ஜூலியன். "இனிமே ஒவ்வொரு தடவையும் இப்படியே செய்யணும்."

"இப்ப வண்டியை எடு" என்றார் ஏவிஸ்.

"எங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

"அதுவரைக்குமா ஒத்திகை?"

"ஆமாம் கண்ணு. எக்ஸ்ரேவரைக்கும்."

ஜூலியன் சிரித்தார். நானும் கிளிஃபர்டும் சிரிக்கவில்லை. அவர் கிளிஃபர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டுக்கும் பூட்ஸுக்கும் அடங்காமல் பூசணிக்காய்போல் வீங்கியிருந்த காலைப் பார்த்தார். பிறகு அவர் வண்டி ஓட்டிய வேகத்தை அவருடைய விதிமுறைகள் எதிலும் பார்க்க முடியாது.

இரண்டு இடத்தில் முறிவு. கட்டு நன்றாகப் போட்டிருந்ததாக டாக்டர் சொன்னார். நெவ் அதை ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஜூலியன் மட்டும் கோபம் ஆறாமல் ஆஸ்பத்திரிப் படுக்கை அருகே நின்றார்.

"வலி தெரியாம இருக்க எங்ககிட்ட மருந்து இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்போம். ரெண்டு பேரும் எங்களை முட்டாளாக்கிட்டீங்க."

அவர் சொன்னது நியாயம். நான் தரையைப் பார்த்தேன். ஏவிஸ் மட்டும் அவர் கண்ணைப் பார்த்தார்.

"தப்புதான். பேசினபடி பதவி கென்னத்துக்கு. நான் தகராறு பண்ண மாட்டேன்."

சொன்னபடி நடந்தும்கொண்டார். கோடை ஒத்திகைக்கு மாவுக்கட்டோடு வந்து, வாசலில் மடக்கு நாற்காலியில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே கென்னத் கிடந்தான். குழு போன வேகத்தைப் பார்த்தால் ரயிலைப் பிடிக்கப் போனவர்கள்போல் இருந்தது. உள்முனைப் போனைக் குழு கூடவே கொண்டுபோனதால், வாசல் போனின் ஒலிபெருக்கியில் சத்தமெல்லாம் கேட்டது. ணங் என்று ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ணங். நடுவே நெவ் மான்செஸ்டர் கால்பந்து அணியின் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தலையை இடிக்கறாங்க" என்றார் ஏவிஸ்.

"பொம்மைதானே" என்றேன்.

மூன்றாவது ணங்கில் அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"அய்யோ!" குரல் கட்டையாக, ஆண் குரலாக மாறியிருந்தது. "எவன்டா அது, என் மண்டையை மலையில தேங்கா மாதிரி ஒடைக்கறது?"

உள்ளே காலடிகள் நின்றன. பிறகு நெவ்வின் குரல், தன்னையறியாமல்: "மன்னிச்சுக்கோ கென்னத்."

"ஏவிஸ்" என்றது ஜூலியனின் குரல், "தயவுசெஞ்சு போனை வைங்க."

"ஏவிஸ் யாரு? எனக்குத் தெரியாது. நான் இங்க குளிர்ல கிடக்கறேன். கூரையில தண்ணி சொட்டுது. இத்தனை பேரு வந்தீங்க, ஒருத்தனாவது பேரு சொன்னானா? எங்க தூக்கிட்டுப் போறீங்கன்னு சொன்னானா? எனக்குப் பயமா இருக்குடா."

 தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கம்பி வழியே வந்துகொண்டிருந்தது. வாசலில் எங்களோடு இருந்த கிளிஃபர்ட் கயிறு சுருட்டுவதை நிறுத்தினார்.

"கென்னத்," என்றார் ஜூலியன் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் ஜூலியன். பயப்படாதீங்க. உங்களை வெளியே கொண்டுபோகத்தான் வந்திருக்கோம். இப்ப மெதுவாத் தூக்கப் போறோம், சரியா?"

ஏவிஸ் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தேறிடுவான்" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, கென்னத்தின் விலா எலும்புக்காக முனக ஆரம்பித்தார்.