நடுச் சுவிட்சில் நின்ற நகல்

திருமதி கலைவாணி நேற்றுக் காலை மாரடைப்பால் காலமானார். மருத்துவமனையிலிருந்து அவருடைய கணவர் தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார்.

கோல சிலாங்கூரிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரை ஆலைகள், கிளினிக்குகளின் கணினி வலையமைப்புகளைப் பராமரித்தவர் அவர். எங்கள் செய்தி அலுவலகத்துக்கும் வருவார். தேநீரை நின்றுகொண்டே குடிப்பார். கண் கேபிள்மீது இருக்கும்.

கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியில் போகும் தரவை நகலெடுத்து, வேறொரு கட்டடத்துக் கணினிக்கு அனுப்பிக் கவனிக்கலாம், மூலத் தரவுக்குத் தடையிராது. இதை எங்களுக்கு அமைக்க வந்த அன்று அவர் முதலில் கேட்டது: “கண்காணிக்கப் போறோம்னு எல்லார்ட்டயும் சொல்லியாச்சாண்ணே?” சொல்லும்வரை அவர் எதையும் தொடவில்லை.

சென்ற மாதம் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் குலை ஏற்றிவந்த சில லோரிகளின் எடை அலுவலகக் கணினிக்கு வந்து சேரவில்லை. எடைமேடைப் பணியாளர் சுந்தர் வேண்டுமென்றே அனுப்பாமல் விடுவதாகக் குற்றச்சாட்டு. ஆலையின் ஆட்களே எடைமேடைத் தரவை நகலெடுத்துப் பார்த்தார்கள். திரை வெறுமையாக இருந்தது. சுந்தருக்கு விசாரணைக் கடிதம் போனது. அவர் கலைவாணியை அழைத்தார். நானும் உடன் போனேன்.

“ஒண்ணுமே வரலையே மேடம், இன்னும் என்ன பாக்கணும்?” என்றார் மேலாளர்.

“நகல் வரலைங்க. மூலம் போகலன்னு யாரு சொன்னா?”

நகல் போக வழியிலுள்ள எல்லாச் சுவிட்சுகளிலும் அதற்கென ஒரு தனித்தடம் திறந்திருக்க வேண்டும். எடைமேடையிலும் அலுவலகத்திலும் திறந்திருந்தார்கள். நடுவே, கொதிகலன் கொட்டகைச் சுவிட்சை மறந்துவிட்டார்கள். கலைவாணி அதைத் திறந்ததும் திரையில் வரிகள் ஓடின; அவை பதிவாகிச் சேரவும் வழி செய்தார்.

“அக்கா, இதெல்லாம் நான் அனுப்புறதா?” என்றார் சுந்தர்.

“நீ அனுப்புறதுதான். அதுக்குள்ள குதிக்காதலா. இனிமே எடை தொலையிற லோரி இதுல இருக்கான்னு பாக்கணும்.”

அந்த எடை நகலில் இருந்தால், அது சுந்தரின் கணினியை விட்டுப் புறப்பட்டு அதற்கப்பால் தொலைந்திருக்கிறது. இல்லையென்றால் பழி அவர்மீதே நிற்கும். அவருக்குச் சாதகமாக ஒரு சொல்லும் கலைவாணி முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் இருப்புக்கொள்ளாமல் தினமும் ஆலைக்கு அழைத்தார். முந்தாநாள் மாலை என்னையும் அழைத்தார்: “ஒரு லோரி தொலஞ்சிருக்குண்ணே. காலையில போயி நகலப் பிரிச்சுப் பாக்குறேன்.”

காலையில் அவர் இல்லை.

இன்று சுடுகாட்டுக்குச் சுந்தர் வேலை உடையிலேயே வந்திருந்தார். எரிமேடைப் பக்கம் போகாமல் வாசலுக்கும் மரத்தடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். “அக்காவ நெனச்சு அழணும்ணே. மனசு அந்த லோரிகிட்டயே போவுது. தப்பாண்ணே?”

“அவங்க மனசும் அங்கதான் இருந்துச்சு, தம்பி,” என்றேன்.

போய் வாருங்கள், கலைவாணி அம்மா. நகலின் பதிவு அழியாமல் இருப்பதாக மேலாளர் இன்று சொன்னார். ரவாங்கில் உள்ள உங்கள் சக பொறியாளர் அதை இரு தரப்பார் முன்னிலையில் செவ்வாய்க்கிழமை திறக்கிறார். வியாழக்கிழமை விசாரணை. அந்த லோரியின் எடை அதில் இருக்கிறதா என்பது இதை எழுதும்வரை எவருக்கும் தெரியாது.