சுரேஷ் பாட்டுக்கு ஹம்மிங்

காலையில் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் ஒரு கானா போட்டார். பஸ்ஸே சேர்ந்து பாடியது.

அந்தப் பாட்டைப் பாடியவன் என் லைனில் வேலை பார்க்கும் சுரேஷ். ஓ.டி. முடித்து வீடு திரும்பும் அலுப்பைப் பாடி ரீல்ஸில் போட்டிருக்கிறான். சுருதி ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

நான் பல வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறேன். என்னை ஒரு வரிகூடப் பாடச் சொல்லாத சூப்பர்வைசர், இன்று பஸ்ஸிலேயே அவன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

சுரேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, பாட்டு எப்டி கீது?"

"பரவால்ல."

"அடுத்த பாட்டுக்கு ஹம்மிங் குடுக்க ஆள் வேணும். நீ வரியாண்ணா? நல்லா பாடுறவன் நீதான்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

போகலாமா, சொல்லுங்கள். சுரேஷை ஃபாலோ செய்பவர்கள் மட்டும் பதில் போட வேண்டாம்.