கட்டத்தில் வைத்த கட்டைவிரல்

எனக்கு எழுபத்து இரண்டு நடக்கிறது. பெற்றது நான்கு, செத்துப்போன தங்கை விட்டுச் சென்றது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் பயந்து செத்தேன்.

குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்குப் போவோம். வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி அது. மிஷின்களுக்கு நடுவில் சிந்திய எண்ணெயைத் துடைத்து, இரும்புத் தூளைக் கூட்டி அள்ளுவது எங்கள் வேலை. என்னோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். அவர்களுக்கு ஒரு தலைவி வேண்டும், படித்தவளாக இருக்கவேண்டும் என்றார் காண்ட்ராக்டர். "நான் எட்டாவதுங்க" என்றேன். நான் படித்தது இரண்டாவது. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். என் பெயரில் உள்ள நான்கு எழுத்து எழுதுவேன், எண்கள் தெரியும். அவ்வளவுதான்.

காலையில் வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதவேண்டும். கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், "கண்ணாடிய வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன், நீயே எழுதிடுப்பா" என்பேன். அவரும் எழுதிவிடுவார். ஏழு வருஷம் என் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. உண்மையில் எனக்குக் கண்ணாடியே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. எல்லோர் கையிலும் பொத்தான் போன் இருந்த காலம். திரையைத் தொட்டால் வேலை செய்கிற போனை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. இனிமேல் நோட்டு கிடையாது, தலைவியே தன் பெயரையும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் தன் கையால் போனில் பதியவேண்டும் என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர். "திங்கக்கிழமை ஒரு பொண்ணு வரும். அது முன்னாடி போட்டுக் காட்டணும். போடத் தெரியாதவங்க தொடப்பத்தைப் புடிங்க, தெரிஞ்சவங்க தலைவியா இருங்க."

துடைப்பத்துக்கு நான் பயப்படவில்லை. பொய்க்காரி என்று பத்துப் பெண்களுக்கு முன்னால் ஆகிவிடுமே, வேலையை விட்டே துரத்திவிடுவார்களே என்றுதான் பயம். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அடுப்புக் கரியால் சுவரில் என் பெயரை எழுதி எழுதி அழித்தேன்.

திங்கட்கிழமை கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். ஓசூரிலேயே ஒரு சின்ன ஆபீஸில் இந்தப் போன் வேலையைச் செய்கிறவள். போனுக்குள் என்ன எங்கே தெரியவேண்டும் என்று வரைவது அவள்தானாம். போனை என் முன்னால் நீட்டினாள்.

"இதுல உங்க பேரப் போடுங்கம்மா."

வெள்ளைத் திரை. அதில் வெளிர் சாம்பல் கோட்டில் இரண்டு கட்டங்கள். கட்டத்துக்குள் தண்ணீரில் கரைத்த மாதிரி மங்கலாக ஏதோ எழுத்து. என் கண்ணுக்கு அது எழுத்தாகவே படவில்லை. காலிக் கட்டம் மட்டும்தான் தெரிந்தது. ரேஷன் ஆபீஸாகட்டும், பேங்க் ஆகட்டும், பத்திரம் எழுதுகிற இடமாகட்டும், காலிக் கட்டம் ஒன்றைக் காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுவரில் எழுதிப் பழகிய நான்கு எழுத்தும் எங்கேயோ போய்விட்டன. என் இடது கட்டைவிரல் தானாக நீண்டது. கட்டத்தில் வைத்து, குமாஸ்தாக்கள் உருட்டுவார்களே, அப்படி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டினேன். அதோடு விட்டேனா? எடுத்த விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டேன். மையே இல்லாத விரலை!

எங்களில் ஒருத்தி, அஞ்செட்டி ஊர்க்காரி, ஆரம்பித்தாள். அவளுக்கு வாய் அதிகம்.

"ஏன்க்கா, எட்டாங்கிளாஸ்ல கைநாட்டுதான் சொல்லித் தராங்களா? அப்படின்னா நாங்கூட காலேஜு முடிச்சிட்டேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். போனில் அடியிலிருந்து எழுத்துப் பலகை ஒன்று எழும்பி வந்து, என் விரல் உருண்டதில் கண்டபடி எழுத்துகள் விழுந்து கிடந்தன. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். "தெரியாம பண்ணிட்டேம்மா" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. போனைத் துடைத்து அஞ்செட்டிக்காரியிடம் நீட்டினாள். "நீங்க போடுங்கக்கா."

அவள் கையும் நீண்டது. இடது கை. பாதியில் சட்டென்று இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அடுத்தவளும் கட்டைவிரலைத்தான் கொண்டுபோனாள், அதற்கடுத்தவளும்.

"தப்பு உங்க மேல இல்லம்மா, நான் வரைஞ்ச கட்டத்து மேல" என்று அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்தாள். "எப்படி இருந்தா எழுதத் தோணும், சொல்லுங்க. நான் குறிச்சுக்கிடுதேன்."

எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ. "எழுதறதுக்குக் கோடுதாம்மா வேணும். கட்டம் ரேகைக்கு. இன்னொன்னு, நீ உள்ள மங்கலா ஏதோ கேட்டு வெச்சிருந்தே போல. விரலு பட்டதும் கேள்வியே ஓடிப்போச்சு. எதுக்குன்னு பதில் சொல்றது?"

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மதியம் காண்ட்ராக்டர் வந்து, "யாருக்கு வருது?" என்றார். நான் அந்தப் பெண்ணையே பார்த்தேன். "போன்லதான் இன்னும் வேலை இருக்கு சார், வியாழக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மூன்று நாளும் கம்பெனியில் எங்கே விசில் ஊதினாலும் திரும்பிப் பார்ப்பேன். யாராவது சொல்லியிருப்பார்கள், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

வியாழக்கிழமை கட்டம் போயிருந்தது. நோட்டில் இருப்பது போல அடியில் கறுப்பாக ஒரு கோடு. கேள்வி கோட்டுக்கு மேலே பெரிய எழுத்தில், தொட்டாலும் போகாமல் நின்றது. தொட்டதும் கோடு தடித்து நீலமானது. அதன்மேல் ஒரு சின்னக் குச்சி விட்டு விட்டு மின்னியது, இங்கே எழுது, இங்கே எழுது என்று கூப்பிடுகிற மாதிரி. காண்ட்ராக்டர் என் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு கேட்டது. என் நான்கு எழுத்தையும் பலகையில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தொட்டேன். வேர்வை திரையில் சொட்டியது. அடுத்த கோட்டைத் தொட்டதும் எண்கள் மட்டும் வந்தன. எத்தனை பேர் என்று அந்தப் பெண் வாயால் கேட்டாள். பதினொன்று போட்டேன்.

"எட்டாவதுக்கு இவ்ளோ நேரமா?" என்றார் அவர். கைநாட்டுச் செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. அஞ்செட்டிக்காரி தரையைப் பார்த்தாள்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. கண்ணாடி. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டாவதுங்க. எட்டாவதுன்னு பொய் சொன்னேன். ஆனா பதினோரு பேரும் வந்துட்டாங்க, எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் போனைப் பார்த்தார். எங்கள் வரிசையைப் பார்த்தார். அந்தாண்டை நடந்துவிட்டார். இருக்கச் சொன்னாரா, போகச் சொன்னாரா என்றே தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் இருக்கச் சொல்லியிருக்கிறார் என்று நம்பினேன். அதன் பிறகு அங்கே ஆறு வருஷம் நானே தலைவி, ஒருநாள்கூட வாட்ச்மேன் பக்கம் போகவில்லை.

போதும், பேனாவை வை கண்ணு. நான் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டாயா? இரண்டாவது என்றுதானே போட்டிருக்கிறாய், எட்டாவது என்று மாற்றிவிடவில்லையே? எங்கே, முதலிலிருந்து படி, கேட்கிறேன். விரலைத் தலையில் துடைத்த இடத்தில் மட்டும் சிரிக்காமல் படி.