முதுகில் சாமி படம்

நான் வேலை பார்த்த கம்பெனியில் பாதுகாப்பு என்பது ஒரு ஃபைலின் பெயர். நீல நிற ஃபைல். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி சர்வீஸ் ரோடும் இரண்டு சிறு பாலங்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஃபைலைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்னை எடுத்தார்கள். ஒரு வருட டிப்ளமோவோடு இண்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேரும்போது மணி எட்டரை ஆகிவிடும். 'சேஃப்டி ஆபீசர்' என்ற அட்டை கழுத்தில் தொங்கும். அதை ஒருவரும் படித்ததாக நினைவில்லை.

வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தரச் சான்று பெற்ற சேஃப்டி ஜாக்கெட் போட்டாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேனேஜர் அதை இரண்டு விரலால் தூக்கி என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். நான் மூன்று மாதிரிகளை வரவழைத்தேன். முதலாவது எல்லா விதத்திலும் சரியாக இருந்தது. கண் கூசும் மஞ்சள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள்: மார்பிலும் இடுப்பிலும் உடம்பைச் சுற்றி இரண்டு பட்டை, தோளின் மேல் இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். உள்பக்கம் முத்திரை, எத்தனை முறை துவைக்கலாம் என்ற குறிப்பு. இரண்டாவது சுமார் ரகம். மூன்றாவது வெறும் கொசுவலை. அதில் ஒட்டியிருந்த பட்டை கல்யாண வீட்டில் பரிசு சுற்றும் ஜிகினாத் தாளைவிட ஒரு படி கீழே.

எது நல்லது என்று வாயால் சொன்னால் இவர்களுக்கு ஏறாது என்று தெரியும். மேனேஜரை குடோனுக்குக் கூட்டிப்போய், ஷட்டரை இழுத்து மூடி, மூன்றையும் சிமென்ட் மூட்டைகள் மேல் தொங்கவிட்டேன். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தேன். முதலாவது, லாரி விளக்கில் மாட்டின் கண் எரிவது போல எரிந்தது. இரண்டாவது மினுக்கியது. மூன்றாவது அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு எப்படி என்று கேட்டேன்.

"எல்லாம் மஞ்சளாத்தான் தெரியுது மேடம்" என்றார். இருட்டிலிருந்த நேரம் முழுக்க அவர் தன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனாலும் முதலாவதுக்கே ஒப்புக்கொண்டார். முத்திரை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே, அந்த ஒரே காரணம்தான். நான் அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உலகத்தைத் திருத்திவிட்டவள் மாதிரி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், நெற்றியில் மட்டும் நிறம். ஜாக்கெட்டைக் கையில் வாங்கி முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"பின்னாடி இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே" என்றார்.

சும்மா கிடந்த இடம் என்று அவர் சொன்னது அந்த இரண்டு பட்டைகளையும் சேர்த்து. அந்த இடத்தில் கம்பெனி பெயரும், அதற்கு மேலே அவருடைய குலதெய்வமும் வர வேண்டும் என்றார். அவருடைய லாரிகளின் நெற்றியில் இருக்கும் அதே அம்மன், அதே எட்டு நிறத்தில். பின்பக்கத்துப் பட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்று மட்டும் வைத்துத் தைக்கச் சொன்னார். பட்டையை எடுத்தால் அந்தச் சான்றுக்கு அர்த்தமே இல்லை என்றேன். பின்னாலிருந்து வருகிற வண்டிக்கு ஆள் தெரியமாட்டார் என்றேன்.

"சாமி பாத்துக்கும்மா" என்றார் முதலாளி.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் வேறு சொன்னார். "லேபிள் உள்ளதானே மேடம் இருக்குது? அத யாரும் கிழிக்கலியே." இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிப் பாலம் கட்டுகிறார் என்று அன்றைக்கு யோசித்தேன். இன்றுவரை அந்தப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

எழுத்தில் என் ஆட்சேபத்தைக் கொடுத்தேன். அதை நானே நீல ஃபைலில் வைத்தேன். மாதிரியாக வந்த நல்ல ஜாக்கெட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முதுகில் சாமியும் இல்லை, கம்பெனியும் இல்லை, முழுப் பட்டையோடு இருந்தது. விதிப்படி உடுத்தியவள் இந்த சைட்டில் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று அதை நான் தினமும் போட்டுக்கொண்டேன். ஒன்பது மணி வெயிலில், தகரக் கொட்டகைக்கும் டீக்கடைக்கும் நடுவே, என்னை ஒரு மைல் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

சாமி படம் போட்ட ஜாக்கெட்டுகள் வந்தன. ஆண்கள் முதல் நாள் போட்டோவுக்கு நின்றார்கள். மேஸ்திரி ஒருவர் தன்னுடையதைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, குங்குமம் வைத்துவிட்டார். போட்டிருந்தவர்களும் சாமி மேல் சாய்ந்து உட்காரக் கூடாது என்று, சோறு தின்னும்போது கழற்றி மடித்து உயரமான இடமாகப் பார்த்து வைத்தார்கள். பிறகு திரும்பப் போட மறந்தார்கள். விதிகளில் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்பு உடையைக் கும்பிடும் பொருளாக மாற்றக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சாலை பிரியும் டைவர்ஷனில் சிவப்புக் கொடி பிடித்து நின்றது ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பத்து வருடம் கலவைச் சட்டி சுமந்து இரண்டு முழங்காலும் போயிருந்தது. நின்ற இடத்தில் நிற்கும் கொடி வேலை கிடைத்தபின்தான் ராத்திரியில் காலை நீட்டித் தூங்குகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு அவர் நின்றாக வேண்டும். மார்கழிப் பனியில் ஆறு மணிக்கு அந்த ரோட்டில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரியும், லாரி தெரியாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பனி விலகியிருக்கும்.

ஒருநாள் பார்த்தால் அவருடைய ஜாக்கெட் வேப்பமரக் கிளையில் தொங்கியது. அவர் வெறும் சட்டையோடு நின்றார். மரம் பாதுகாப்பாக இருந்தது. கேட்டதற்கு, "வேர்க்குதுங்க மேடம்" என்றார். மார்கழிக் குளிரில் வேர்க்கிறதாம். இவர்களுக்காகப் போய்ச் சண்டை போட்டேனே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில், பனிக்குள் பின்னாலிருந்து வந்த பால் வண்டி தடுப்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போனது. அக்கா பள்ளத்தில் குதித்ததால் பிழைத்தார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. நான் போனபோது தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜாக்கெட் அன்றைக்கும் மரத்தில்தான் இருந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "வூட்டுக்குத் தூரமுங்க மேடம். மூணு நாளா. முதுகுல சாமிய வெச்சிக்கிட்டு எப்படிங்க போடறது? உள்பக்கமா திருப்பிப் போட்டா ஒடம்புலயே படும். அது இன்னும் பாவமுங்க."

புண்ணின் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஆம்பளைங்க இருக்கற எடம்."

சரி என்றேன். 'சரி' என்ற அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

மதியம் மேனேஜர் முடிவோடு வந்தார். ஜாக்கெட் போடாதது அக்காவின் குற்றம், அதனால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். முதலாளியும் வந்திருந்தார். இரண்டு இன்ஜினியர்கள் தலையாட்டுவதற்கென்றே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அக்காவின் வேலைக்காக என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அந்த நான்கு பேரின் முகத்தையும் தொங்கவைக்க என் கையில் ஒன்று கிடைத்துவிட்டது என்ற குஷி.

"ஏன் போடலன்னு தெரியுமாங்க சார்? மாசத்துல மூணு நாளு பொம்பளைங்க உங்க சாமியத் தொடமாட்டாங்க. அந்த மூணு நாளும் லாரி அவங்களத் தொடலாம், பரவால்லியா?"

நான் நினைத்தபடியே ஆயிற்று. இன்ஜினியர்கள் மேஜையைப் பார்த்தார்கள். மேனேஜர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். முதலாளியின் காது சிவந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

படத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்வார் என்று எதிர்பார்த்த என்னைவிட முட்டாள் அந்த அறையில் இல்லை.

"சாமிய எடுக்கறது நல்லதில்ல. பொம்பளைங்கள கொடி வேலைக்கு நிறுத்தாதீங்க. அந்தம்மா பாவம், வேலைய விட்டு எடுக்காதீங்க. சட்டி எடுக்கட்டும்" என்றார். ஏதோ தர்மம் செய்துவிட்டவர் போல எழுந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து டைவர்ஷனில் ஓர் ஆள் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்கு. மரத்தடியில் உட்கார்ந்து, கொடியைப் பக்கத்தில் நட்டுவைத்து, போன் நோண்டினார். அக்கா பாலத்தில் கலவைச் சட்டி தூக்கினார். விஷயம் சைட் முழுக்கப் பரவியிருந்தது. அவர் போகும்போது ஆண்கள் ஒரு மாதிரி வழிவிட்டார்கள். அந்த வழிவிடல் எப்படிப்பட்டது என்று பெண்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் அவர் பக்கம் போகாமல் நீல ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் பாலத்தடியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். தலையில் சட்டி, ஒவ்வொரு அடிக்கும் நொண்டினார். மன்னிச்சுக்குங்க அக்கா, உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான் சொன்னேன் என்று ஏதோ உளறினேன்.

சட்டி இருந்ததால் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. நேரே பார்த்தபடியேதான் பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க மேடம். நீங்க போட்டிருக்கறதுல சாமி இல்லீங்களே. அந்த மூணு நாளைக்கு மட்டும் அதக் குடுங்கன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன்."

பின்னால் வந்தவர்கள் வழி கேட்டார்கள். அவர் நகர்ந்து போய்விட்டார். நான் முழுப் பட்டையோடு, விதிப்படி, பட்டப்பகல் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றேன்.