மாரித்தின் பூக்காத கள்ளி

மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மாரித்துக்குக் கால் இரண்டும் விட்டுப்போகும். ஆனாலும் பூட்ஸை வாசலில் கழற்றியதும் முதல் வேலை, ஜன்னல் விளக்கைப் போடுவது. அந்த நார்வே கடலோர ஊரில் விளக்கில்லாத ஜன்னலே கிடையாது. கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கும் கணவன் அஸ்லாக், ஊர் திரும்பிப் படகிலிருந்து இறங்கியதும் அது அவன் கண்ணில் பட வேண்டும் என்பது அவள் ஆசை. பட்டதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும் ஆளா அவன்!

விளக்கடியில் ஒரு கள்ளி. கல்யாணத்தின்போது மாமியார் கிள்ளிக் கொடுத்த துண்டு. கிறிஸ்துமஸுக்குப் பூக்கும் என்றார்கள். வருஷங்கள் போயின, மொட்டு வந்தபாடில்லை.

"உன்ன மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது" என்பான் அஸ்லாக். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போடத் தெம்பிருக்காது.

அக்டோபரில் காப்பி குடிக்க வந்த பக்கத்து வீட்டு யூருன், செடியின் தட்டைத் தண்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஈஸ்டருக்குப் பூக்கிற ஈஸ்டர் கள்ளியோ என்னமோ" என்றாள் மாரித்.

"போடி! அதுக்கு நுனியில முடி முடியா இருக்கும். கடையில விக்கிறது பல்லு பல்லா இருக்கும். இது மழுங்கலா வளைஞ்சிருக்கு பாரு, அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. பொழுது சாஞ்சா இதுக்கு இருட்டு வேணும், அப்பத்தான் மொட்டு வைக்கும். நீ தூங்க விட்டாத்தானே! விளக்க அணை."

"இன்னிக்கு அஸ்லாக் வர்றானே?"

"அவனுக்கு வீடு தெரியாதாக்கும்!"

அன்று மாலை மாரித் விளக்கைப் போடவில்லை. இருட்டில் நாற்காலியில் சாய்ந்தாள். இத்தனை வருஷம் யார் பார்த்தார்கள் என்று ஏற்றினோம்? நினைக்கவே அலுப்பாக இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம். சேறு அப்பிய பூட்ஸோடு கம்பளத்தில் வந்து நின்றான் அஸ்லாக். மூச்சு இரைத்தது.

"மாரித்! எங்கடி இருக்கே?"

"இங்கதான். பூட்ஸோட உள்ள வந்துட்டே, என்ன ஆச்சு?"

"விளக்கு எரியல. நீ போயிட்டியோன்னு..."

"செடிக்கு இருட்டு வேணுமாம்" என்றாள்.

அவன் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். அவன் லீவில் இருந்த அந்த ஒரு மாதமும், செடி இருட்டில் இருக்கட்டும் என்று, இருவரும் மாலையில் சமையலறையிலேயே இருந்தார்கள்.

டிசம்பரில் கள்ளி கொத்துக் கொத்தாகப் பூத்தது. அஸ்லாக் அப்போது மேடையில் இருந்தான். மாரித் போனில் சொன்னாள்.

"பூத்துருச்சுல்ல?" என்றான் அவன். "அப்ப விளக்கப் போடு. நாளைக்கு வரேன்."