குப்பைக் குத்தகைக்கு ஆட்சேபம் சொல்ல நுவரெலியா போன நாள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு வாரத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறீர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அருவி தெரியும் என்பது அடுத்த கேள்வி. கொட்டகலையைத் தாண்டியதும் எல்லோரும் எந்த ஜன்னலுக்கு ஓடுகிறார்களோ அந்தப் பக்கம், போதுமா? நான் அந்த வழியில் முதன்முதலாகப் போனபோது அருவியைப் பார்க்கவே இல்லை. 1961 ஆகஸ்டில், விடாமல் மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டைப்பையில் ஒரு மனுவை மடித்து வைத்துக்கொண்டு போனேன். கூட வந்த வீராயி என்ற பெண்ணின் மடியில், பழைய சோடாப் போத்தலில் அடைத்த அழுக்குத் தண்ணீர் இருந்தது. இத்தனை வருடம் இதை எழுதாமல் தட்டிக் கழித்தேன். நீங்களாகக் கேட்டீர்கள், இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஹட்டனிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். கிளாக்கர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். துரை, அதாவது தோட்டத்து மானேஜர், சொல்வதை டைப் அடிப்பதுதான் வேலை. சனிக்கிழமை நாலு மணிக்குத் தபால் பை கட்டுவதற்குள் பத்துப் பன்னிரண்டு கடிதம் அடிப்பேன். ஓர் எழுத்துகூட அழித்துத் திருத்தியிருக்க மாட்டேன். துரை அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக உயிரை விடுகிற ஜென்மம் நான்.

தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன டவுன் இருந்தது, பெயர் வேண்டாம். அந்த டவுன் தன் குப்பையைக் குத்தகைக்கு விட்டது. இந்தக் குத்தகை முறையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நீங்கள் இருக்கிற ஊரிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. தெருவைக் கூட்டி வண்டியில் ஏற்றுவது நகரசபை ஆட்கள். அதற்கு மேல் குப்பை குத்தகைக்காரருடையது. அவர் மக்குவதைக் குழியில் போட்டு உரமாக்கி மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்பார். மக்காததை, அதாவது இறைச்சிக் கடைக் கழிவு, தகரம், கண்ணாடி, ஆஸ்பத்திரிப் பஞ்சு எல்லாவற்றையும் ஏதாவது பள்ளத்தில் கொட்டுவார். டெண்டரில் நான்கு பக்கத்துக்கு நிபந்தனை இருக்கும். வண்டிக்கு மூடி வேண்டும், காலை எட்டு மணிக்குள் சந்தை சுத்தமாக வேண்டும், கடைத்தெருவில் ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. கொட்டுகிற இடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் இணைக்கப்பட வேண்டும். அவ்வளவுதான். ஊர் மூக்கைப் பொத்திக்கொள்ள நாலு பக்கம், அந்த நாற்றம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு ஒரு வரி.

விழுந்தது எங்கள் தோட்டத்து லயத்தின் தலையில். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதற்கு மேலே கால் மைல் ஏற்றத்தில் ஒரு பள்ளம். மே மாதம் மூன்று மாத வெள்ளோட்டமாக வண்டிகள் அங்கே வர ஆரம்பித்தன. அந்தப் பள்ளத்து ஊற்றுதான் மூங்கில் வழியாக இறங்கி, லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் விழும். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். ஜூலையில் தண்ணீர் கறுத்தது. வீராயியின் மூன்று வயது மகள் செல்வி இரத்தமாக வயிற்றால் போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கள் ஸ்டாப் குவாட்டர்சுக்கு வேறு ஊற்றிலிருந்து குழாய்த் தண்ணீர். லயத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

வெள்ளோட்டம் முடிந்து மூன்று வருடக் குத்தகைக்கு மேலிட அனுமதி கேட்டிருப்பதாகவும், ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் நுவரெலியா அலுவலகத்தில் சொல்லலாம் என்றும் சந்தைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். லயத்து ஆட்கள் என்னிடம் வந்தார்கள். நான் மனு எழுதினேன், ஆபீஸ் மிசினில் அடித்தால் துரைக்குத் தெரிந்துவிடும் என்று கையாலேயே எழுதினேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். எல்லோரும் பெருவிரல் பதித்தார்கள். நுவரெலியாவுக்கு யார் போவது என்றபோதுதான் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் இல்லையென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும், எங்கே போனாய் என்ற விசாரணையும் வரும். வீராயி மட்டும், நான் போகிறேன், இங்கிலீசு பேச ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் பல்வலி என்று துரையிடம் பொய் சொல்லி லீவு வாங்கினேன். வீராயி என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் என்னை நீங்க என்பார், நான் அவரை நீ என்பேன். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

காலை ஐந்தேகாலுக்கு நடக்க ஆரம்பித்து ஆறரைக்கு ஹட்டன் ஸ்டேசன். நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வந்த ரயில் ஏழு நாற்பதுக்குப் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பு, நானுஓயா வரை இருபத்தொரு மைல், ஆளுக்குத் தொண்ணூறு சதம் என்று ஞாபகம். வீராயி தன் டிக்கெட்டுக்குத் தானே காசு கொடுத்தார். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் புகை உள்ளே வந்தது. அவர் முந்தானையால் தன் முகத்தை மூடவில்லை, போத்தலை மூடினார்.

தலவாக்கலை, வட்டகொடை, கிரேட்வெஸ்டர்ன் என்று வண்டி நின்று நின்று ஏறியது. வெளியே மழையும் மூடுபனியும்தான். அருவியாவது மண்ணாங்கட்டியாவது. நான் அதிகாரியிடம் பேச வேண்டிய ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது, என் இங்கிலீசைக் காட்ட ஒரு சந்தர்ப்பம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு நானுஓயா. அங்கிருந்து ஐந்தரை மைல் பஸ், இருபத்தைந்து சதம். கண்டக்டர் போத்தலைப் பார்த்து, கசிப்பா, கள்ளச்சாராயமா என்று சிங்களத்தில் கேட்டார். வீராயிக்குச் சிங்களம் தெரியும். "குடிக்கிற தண்ணி" என்று அவர் சிங்களத்திலேயே சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அலுவலகத்தில் மூன்று மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்தக் குளிரில் வீராயி காலில் செருப்பில்லாமல், மடியில் போத்தலோடு அசையாமல் இருந்தார்.

ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. வீராயிக்கும் நாற்காலி கொடுத்தார். மனுவை முழுதாகப் படித்தார். நகர எல்லைக்குள் வசிப்பவர்களா என்று கேட்டார். இல்லை. வாக்காளரா என்று கேட்டார். நாற்பத்தெட்டில் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்தது? அதுவும் இல்லை. அப்படியானால் சட்டப்படி இது ஆட்சேபமே ஆகாது, இருந்தாலும் சொல்லுங்கள் என்றார்.

நான் போத்தலை வாங்கி மேசையில் வைத்தேன். பெஞ்சில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்ததில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து, தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ரயிலில் அடுக்கிய வாக்கியங்களைத் தேடினேன். வீராயி எழுந்து போத்தலை எடுத்துக் குலுக்கினார். தண்ணீர் கறுத்தது, ஒரு பஞ்சுத் துணுக்கு மேலே வந்து சுற்றியது.

"இதுதாங்க நாங்க குடிக்கிறது. வேணும்னா மோந்து பாருங்க."

அதிகாரிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முகம் மாறிவிட்டது. பைலைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். தோட்டத்து நிலத்துக்காரர் சார்பில் துரை எழுதிய சம்மதக் கடிதம். நாற்றுமேடைக்கு இலவச உரம் கிடைப்பதால் அந்தப் பள்ளத்தில் மரக்கறிக் கழிவு கொட்ட ஆட்சேபமில்லை. எந்தக் குடியிருப்பும் அங்கிருந்து நீர் பெறுவதில்லை. அழித்துத் திருத்தாத, சுத்தமான கடிதம். அடியில் இடது மூலையில் துரையின் பெயரெழுத்துகள், ஒரு சாய்கோடு, அதற்குப் பக்கத்தில் சின்னதாக என்னுடைய இரண்டு எழுத்துகள். கடிதத்தை அடித்தது யார் என்று தெரிவதற்காக எல்லா ஆபீசிலும் போடுகிற அடையாளம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அடித்திருக்கிறேன். உரம் பற்றி ஏதோ ஒன்று என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. அதையும் பீலியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை என்று சொல்வதுதான் சரி.

அதிகாரி மெதுவாகச் சொன்னார். இவர்கள் பெருவிரலுக்கு இந்தப் பைலில் இடமில்லை. ஆனால் தோட்டத்து ஆபீசைச் சேர்ந்த ஒருவர், ஒரே ஒருவர், இந்தக் கடிதத்தில் உள்ளது உண்மையில்லை என்று இப்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அனுமதியை நிறுத்தி வைத்து, இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புவேன். அப்படி யாராவது இருக்கிறார்களா?

கையெழுத்துப் போட்டால் வேலை போகும். குவாட்டர்ஸ் போகும். அங்கே என் அம்மாவும் தங்கையும் என்னோடு இருந்தார்கள். இதையெல்லாம் நான் யோசித்ததாகச் சொன்னால் பொய். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"நோ, சார்."

அவர் பைலை மூடினார். வீராயியிடம், பார்க்கிறதாகச் சொல்லியிருக்கிறார் என்று தமிழில் சொன்னேன். வீராயி இரண்டு கையையும் கூப்பி அதிகாரியைக் கும்பிட்டார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். போத்தலை அங்கேயே மேசையில் விட்டுவிட்டு வந்தோம்.

மூன்று பத்துக்கு பஸ், நாலு இருபதுக்கு நானுஓயாவில் ரயில். ஸ்டேசனில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், வீராயி குடித்தார். வண்டியில் கூட்டமில்லை. ரதல்லை தாண்டும்போது, அந்தக் கடுதாசியில் என்ன இருந்தது என்று கேட்டார். பீலித் தண்ணீர் அந்தப் பள்ளத்திலிருந்து வரவில்லை என்று துரை எழுதியிருக்கிறார் என்றேன். சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சம் வந்ததும் மறுபடி கேட்டார்.

"தொரை கையெழுத்துதானுங்களே போடுவாரு. மிசின் அடிக்கிறது நீங்கதானே? ஆபீசு பக்கத்துல கொழுந்து நிறுக்க நிக்கிறப்ப சத்தம் கேக்கும்."

"அடிச்சேன். படிச்சுப் பாக்கல" என்றேன்.

வீராயி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"படிச்சவங்கன்னுதானே ஒங்களக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

ஹட்டனிலிருந்து மூன்று மைலும் அவர் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் பிரிந்தோம். அதற்குப் பிறகும் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று, கிளாக்கரய்யா என்றுதான் கூப்பிட்டார். ஒரு சொல் குறைக்கவில்லை.

குத்தகைக்கு அனுமதி வந்தது. செல்வி பிழைத்தாள். பெண்கள் வேலை முடிந்து ஒரு மைல் ஏறி வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். முடியாதவர்கள் பீலித் தண்ணீரையே குடித்தார்கள். அடுத்த மழைக்கு அதே லயத்தில் இரண்டு குழந்தைகள் செத்தன. அந்த மாத அறிக்கையில் வயிற்றுப்போக்கு என்று அடித்ததும் நான்தான், மூலையில் என் எழுத்துகளோடு. டவுன் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள். அறுபத்துநான்கில் மலைநாட்டு மனிதர்களை எந்த நாடு எத்தனை பேர் எடுத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. அதிலும் வீராயியை யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் நான் கொழும்பில் வேறு ஆபீசில் வேறு மிசினில் அடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, போகிறவர்களுக்கு. ரயிலில் போங்கள், ஆனால் நேரத்தை ஸ்டேசனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் சொன்ன நேரமும் கட்டணமும் செத்துப்போனவை. ஆகஸ்டில் போனால் ஸ்வெட்டர் மட்டும் போதாது, குடையும் வேண்டும். நானுஓயாவில் இறங்கினால் டவுனுக்கு பஸ்ஸே போதும். உங்கள் ஊரில் குப்பைக் குத்தகைக்கு எதிராக மனுக் கொடுக்கப் போகிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். டெண்டரின் நாலு பக்கத்தோடு மாரடிக்காதீர்கள். பின்னால் இணைத்திருக்கிற நிலத்துக்காரர் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதை அடித்தவரைத் தேடிப் பிடியுங்கள். ஒருவேளை அவர் உங்களோடு அதே ரயிலில் வந்துகொண்டிருப்பார்.

தலவாக்கலை ரோட்டில் மலைத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற இடங்கள் இருக்கின்றன. எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். குடிப்பதானால் முதலில் மேலே ஏறி, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து குடியுங்கள். எனக்கு அந்த ஏற்றம் கால் மைல்தான். நான்கு வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்தேன், ஒரு நாள்கூட ஏறிப் பார்க்கவில்லை.