அந்தோணியார் கொடுத்த கார் சாவி

ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது இரண்டாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் அத்தை தன் கார் சாவியை என்னை நம்பிக் கொடுத்திருப்பாளா?

அத்தை அப்பாவின் தங்கை. கடலூரில் எங்களோடு இருந்தபடி சிதம்பரத்தில் வேலை பார்த்தாள். சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கினாள். பங்குச்சாமியார் மந்திரித்துக் கொடுத்த கையோடு இரண்டு சாவிகளையும் அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். பெண்பிள்ளை தனியாக அந்த ரோட்டில் ஓட்ட வேண்டாமாம். ஞாயிறு பூசைக்கு அவரே எல்லோரையும் அழைத்துப் போவாராம். கார் வாசலில் நிற்க, அத்தை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் வந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒருநாள் அலமாரியிலிருந்த இரண்டு சாவிகளில் ஒன்று காணாமல் போனது. அத்தைதான் எடுத்தாள். என் பென்சில் டப்பாவில் போட்டு, சமயம் வரும்போது கேட்கிறேன், அதுவரை மூச்சு விடாதே என்றாள்.

அப்பா உஷாராகி, மிச்சமிருந்த சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை. ரிமோட் வைத்த சாவி எத்தனை குளியலைத்தான் தாங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பவே இல்லை. ஷோரூமில் கேட்டால், வேலை செய்கிற சாவி ஒன்றாவது இருந்தால் இன்னொன்று செய்வது சுலபம், இல்லையென்றால் பூட்டோடு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார்.

எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் முதல் தகவல் அந்தோணியாருக்குத்தான் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றி எல்லோரும் முட்டி போட்டோம். செபம் தொடங்கும் முன் அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“அந்தோணியார் யார் கையில குடுக்குறாரோ அவுங்ககிட்டயே சாவி இருக்கட்டுங்க. சம்மதம்னு சொல்லிட்டு வேண்டிக்குங்க.”

அப்பா உடனே சம்மதம் என்றார். தேடுகிறவர் அவர் ஒருவர்தானே, வேறு யார் கையில் கிடைத்துவிடப் போகிறது? நான் எல்லோரையும்விடச் சத்தமாக வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அத்தை என்னிடம் கை நீட்டினாள். சோபா இடுக்கில் சாவி கிடைத்ததாக அப்பாவிடம் காட்டினாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அந்தோணியார் முன்னால் கொடுத்த வாக்கை மீறுகிற தைரியம் அவருக்கு ஏது?

“பாத்துப் போம்மா. புதுச்சத்திரம் தாண்டுனா லாரி ஜாஸ்தி” என்றார்.

கார் தெருமுனை திரும்பும்வரை கை ஆட்டினேன். பக்கத்தில் அம்மா சிலுவை போட்டு அந்தோணியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அப்பாவியை நானும் அத்தையும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குப் பாவமாக இருந்தது. சாவி கிடைப்பதற்கு முன்பே, விடியற்காலையில் எழுந்து அத்தையின் காரைக் கழுவித் துடைத்து வைத்தது அம்மாதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.